புதுப்பிப்பு: ஓபரா சந்திப்புக்குப் போய்வந்தவர்களின் கருத்துகள் ஒருவழியாகக் கிடைத்தன

டர்பனிலிருந்து கேப் டவுனில் நடந்த ஓபரா துறையினர் சந்திப்புக்குப் போய்வந்த எங்கள் ஊழியர்கள் ஆறு பேரிடம் அனுபவக் குறிப்பு வாங்க முடியவில்லை, படிவம் காலியாகவே திரும்புகிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் படிவத்தைச் சுருக்கினேன், பலனில்லை. பலித்தது, "எழுதச் சொல்லாதீங்க, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்க, ஒரே கேள்வி போதும்" என்ற பதில்தான். திரும்பி வந்து எதை மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன், இரண்டே நாளில் ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: மேடைப் பேச்சுகளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, எல்லாம் டீ இடைவேளையில் காதில் விழுந்தவை. உடை தைக்கும் அக்கா பதினொரு நிமிடம் பேசியிருக்கிறார், பின்னால் தையல் மெஷின் ஓடுகிறது. பாடகர் மூச்சை இழுக்கும்போது விலா விரியும் என்பதால் முதுகில் ஜிப்பை எடுத்துவிட்டு இரண்டு வரிசைக் கொக்கி வைக்கிறாராம். மேல்வரி (பாட்டின் மொழிபெயர்ப்பாக மேடைக்கு மேலே திரையில் வரும் வரிகள்) ஓட்டும் தம்பி, இசிசுலுவில், அதாவது சூலு மொழியில், சொற்கள் நீளம் என்று வரிகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது ஆள் எங்கள் மேலாளர். அவர் இன்னும் படிவத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.