புதுப்பிப்பு: டீசலில் ஊதிப்போன ரப்பர் வாஷர்

பர்மாவின் மோல்மீனில் படகு எஞ்சினுக்கு நம் தோட்டத்து ரப்பரில் அடித்த வாஷர் டீசல் பட்டு ஊதிப்போகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) போடச் சொன்னீர்கள். அதற்குள் மலேசிய இஎன்ஆர்-50 (எபாக்சைடு ஏற்றிய இயற்கை ரப்பர்) கொஞ்சம் கிடைத்தது, அதில் அடித்துப் பார்த்தோம்.

டீசலில் ஊறியும் லேசாகத்தான் பருத்தது. பழையதோ நகத்தால் கிள்ளினாலே பிய்ந்து வந்தது.

இதுவும் இயற்கை ரப்பர்தான். ரப்பர் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்புகளில் பாதியில் ஆக்சிஜனை ஏற்றி எபாக்சைடு வளையமாக்கியிருக்கிறார்கள் (இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த சிறு வளையம்). 50 என்பது அந்தச் சதவீதம். துருவத்தன்மை (மூலக்கூறில் மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) கூடுவதால் எண்ணெய் எளிதில் நுழையாது, காற்றும் குறைவாகவே கசியும். பதிலுக்குத் துள்ளல் போய்விடுகிறது. கீழே போட்டால் தொப்பென்று கிடக்கிறது.

"நாமே செய்யலாமா அண்ணே?" என்று கேட்ட தம்பிக்கு: ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அதே பார்மிக் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும்தான் சரக்கு. ஆனால் சும்மா ஊற்றினால் பால் கட்டியாகிவிடும். அயனியல்லாத (மின்னேற்றம் இல்லாத) சோப்பு சேர்த்து முதலில் நிலைப்படுத்த வேண்டும். அப்புறம் சூடோ அமிலமோ மிஞ்சினால் வளையம் உடைந்து ரப்பர் விறைத்துவிடும். பெராக்சைடு தோலைப் பொசுக்கும், கொட்டகையில் வேண்டாம் தம்பி.

விலைதான் உதைக்கிறது. இஎன்ஆர்-25க்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.