டிராகனை 'யாளி' என்று எழுதலாமா?

செம்பூர் வாசகர்:
ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்காவில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் ஒருவர், 'செராஃபினா' நாவலைத் தமிழாக்கினால் டிராகனை 'யாளி' என்றே எழுத வேண்டும் என்று அடித்துப் பேசினார். எனக்கு இன்னும் ஆறவில்லை. ரேச்சல் ஹார்ட்மன் எழுதி 2012-இல் வந்த கதை அது. நாயகி அரண்மனையில் இசைக்கலைஞர். தந்தை மனிதர், தாய், மனித உருவெடுத்த டிராகன். மகளின் கையிலும் இடுப்பிலும் செதில்கள். அதை உடைக்குள் மறைத்துத்தான் அவள் வாழ்கிறாள். யாளிக்குச் செதில் ஏது?

மாட்டுங்கா தமிழன்:
அந்த 'ஒருவர்' நான்தான். முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாமே! நற்றிணை 205-ஐப் படியுங்கள். ஆளி, அதாவது நம் யாளி, அங்கே களிற்றையே இழுத்துச் செல்கிறது. சங்க காலத்திலிருந்து நம்மிடம் உள்ள பெயரை விட்டுவிட்டு கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லுக்கு ஏன் கையேந்த வேண்டும்?

செம்பூர் வாசகர்:
அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பாம்பு என்றுதான் பொருள். பாம்புக்குச் செதில் உண்டு. யாளிக்குச் சிங்க உடல், பிடரி மயிர், சில இடங்களில் தும்பிக்கை. செதில் எங்கே?

டோம்பிவிலி சகோதரி:
அண்ணா, கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த டிராகன்கள் கணக்கிலும் தர்க்கத்திலும் தேர்ந்தவை. மனித உருவில் இருக்கும்போது உணர்ச்சி முற்றிவிட்டால், அதற்குக் காரணமான நினைவையே அறுத்தெடுத்துவிடுகிறார்கள். அவளுக்கு ஆசானாக இருக்கும் தாய்மாமன் ஓர்மாவும் அந்த அச்சத்தில்தான் இருக்கிறார். 8:12 லோக்கலில் நின்றபடி அதைப் படித்து அழுதேன். அதைப் பேசலாமே.

மாட்டுங்கா தமிழன்:
பேசலாம் அம்மா, முதலில் இவர் பதில் சொல்லட்டும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்து யாளியைக் கண்ணால் பார்த்தவன் நான். புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

செம்பூர் வாசகர்:
நானும் பார்த்திருக்கிறேன். வேறொரு கோயிலில் யாளியின் வாய்க்குள் விரலை விட்டு, உருளும் கல் உருண்டையைத் தள்ளியும் இருக்கிறேன். பல் இருந்தது, நாக்கு இருந்தது. செதில் இல்லை. நாயகி வெறுப்பின் உச்சத்தில் தன் கையிலிருந்து ஒரு செதிலைப் பெயர்த்தெடுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். யாளியின் மகள் எதைப் பெயர்ப்பாள், பிடரி மயிரையா?

முலுண்ட் இளைஞன்:
'பறக்கும் நாகம்' என்று எழுதினால் என்ன?

செம்பூர் வாசகர்:
தம்பி, நாகத்துக்குக் காலில்லை. ஆனாலும் செதில் இருக்கிறது. அந்த அளவுக்கு உங்கள் சொல் மேல்.

மாட்டுங்கா தமிழன்:
ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் 'வேறொரு கோயில்' என்றால் யார் நம்புவது? இன்னொன்று. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் நான் வாங்கிய பிரதியைத்தானே படித்தீர்கள்? மூன்று மாதம் வைத்திருந்து, அட்டையில் மஞ்சள் கறையோடு திருப்பித் தந்தீர்கள். அந்த மரியாதைதான் உங்களுக்குப் புத்தகத்தின் மேல்.

செம்பூர் வாசகர்:
கறை முன்பே இருந்தது. உங்களிடமிருந்து வாங்கிய அன்றே சொன்னேன்.

மாட்டுங்கா தமிழன்:
சொல்லவில்லை.

டோம்பிவிலி சகோதரி:
அந்தப் பிரதி அடுத்து என்னிடம்தான் வந்தது. கறை இருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியாது, என்னை இழுக்காதீர்கள். ஓர்மாவைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை பேசுங்கள்.

செம்பூர் வாசகர்:
செதிலுக்குப் பதில் வராமல் எதையும் பேச முடியாது.

மாட்டுங்கா தமிழன்:
பொங்கலுக்கு மதுரை போகிறேன். யாளியைப் படமெடுத்து இங்கேயே போடுகிறேன்.

செம்பூர் வாசகர்:
கிட்டே போய் எடுங்கள். செதில் தெரிய வேண்டும்.