மறு: 'கூலிங் லோட்' – குளிர்ச்சுமையா, வெப்பவரத்தா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஏசி வாங்குவோருக்காக நாம் எழுதும் கையேட்டில் 'கூலிங் லோட்', அதாவது அறை குளிர ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம், என்பதற்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. மற்றவர்கள் எழுதியதை இடையிடையே மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> கூலிங் லோட் என்பதற்குக் குளிர்ச்சுமை என்றே வைத்துவிடலாம். நேரான மொழிபெயர்ப்பு. யாருக்கும் புரியும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளிர்ச்சுமை என்று படிக்கிறவர், ஏசி ஏதோ குளிரைச் சுமந்துவந்து அறையில் இறக்குகிறது என்றே நினைப்பார். ஏசி உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். நம் கையேடு வீட்டுக்காரர்களுக்கானது. கடைக்குப் போகும் முன் தங்கள் அறைக்கு எத்தனை டன் (ஏசி வெளியேற்றும் வெப்பத்தின் அளவு; 1 டன் சுமார் 3.5 கிலோவாட்) வேண்டும் என்று அவர்களே கணக்குப் பார்க்க வேண்டும். எனவே எடுத்த எடுப்பில் நாம் தரும் சொல்லே தவறான பக்கம் திருப்பிவிடக் கூடாது.

அதற்குப் பதிலாக ஹீட் கெயினிலிருந்து, அதாவது அறைக்குள் வந்துசேரும் வெப்பத்திலிருந்து, தொடங்கலாம். அதற்கு 'வெப்பவரத்து' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நீர்வரத்து, தக்காளி வரத்து, போக்குவரத்து என்று நாளிதழில் தினமும் படிக்கும் சொல்தான். எங்கள் பக்கம் ஊருணி வெட்டியவர்கள் முதலில் வரத்துக்காலைத்தான் பார்த்தார்கள். எந்தப் பொட்டலில் பெய்யும் மழை எந்த வழியாக வந்து சேரும் என்பது தெரியாமல் மண்வெட்டியை எடுக்க மாட்டார்கள். வரத்து என்றதுமே 'எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்வி தானாக எழும். சரியான ஏசியைத் தேர்ந்தெடுக்க அந்தக் கேள்விதான் வேண்டும்.

கடைகளில் சொல்லும் வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும்: 120 சதுர அடி வரை 1 டன், 180 வரை 1.5 டன், அதற்கு மேல் 2 டன். அறையின் பரப்பு மட்டும்தான் கணக்கு. காரைக்குடியில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 120 சதுர அடி.

முதல் அறை புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறது. மேலே மொட்டை மாடி. தட்டோடு பதிக்கவில்லை, வெள்ளையும் அடிக்கவில்லை. மே மாதப் பிற்பகலில் அந்தத் தளம் 55 டிகிரியைத் தாண்டும். அறைக்குள் 25 டிகிரி வேண்டும் என்றால் வேறுபாடு 30 டிகிரி. வெறும் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தை உள்ளே விடும். 120 சதுர அடி என்பது 11 சதுர மீட்டர். ஆக, கூரை வழியாக மட்டும் ஏறக்குறைய 1 கிலோவாட் வெப்பவரத்து. இரவு 9 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். மேற்குச் சுவர், திரையில்லாத மேற்கு ஜன்னல், சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கு 100 வாட் வீதம் இரண்டு பேர், கதவிடுக்கில் நுழையும் காற்று எல்லாம் சேர்ந்தால் 3 கிலோவாட்டை நெருங்கும்.

இரண்டாவது அறை பழைய வீட்டில் வளவை (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டை) ஒட்டியது. மேலே இன்னொரு தளம். வாசல் திறப்பது பட்டாலைக்கு, அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்துக்கு. வெயில் முற்றத்தோடு நின்றுவிடும். சுவர் ஒன்றரை அடிக் கனம். இங்கே வெப்பவரத்து அதில் பாதிகூட இருக்காது. வாய்ப்பாடு இரண்டுக்கும் ஒரே ஏசியைத்தான் காட்டும்.

> செட்டிநாட்டு வீட்டில் கூரை 14 அடி உயரம். காற்று அதிகம், எனவே டன்னும் அதிகம் வேண்டும் என்கிறார்களே?

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த சொல்லுக்கான தேவை இங்கேதான் வருகிறது. 120 சதுர அடி, 14 அடி உயர அறையில் உள்ள காற்றின் எடை சுமார் 57 கிலோ. அதை 10 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் 570 கிலோஜூல் அளவுதான். 1 டன் ஏசிக்கு அது மூன்று நிமிட வேலைகூட இல்லை. இப்போது சுவரைப் பாருங்கள். ஒன்றரை அடிக் கனச் செங்கல் சுவரில் ஒரே ஒரு சதுர மீட்டரை முழுக் கனத்துக்கும் ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 680 கிலோஜூல் எடுக்க வேண்டும். அறைக் காற்று முழுவதையும் பத்து டிகிரி இறக்குவதைவிட அதிகம்! உயரத்தைப் பார்த்து டன்னைக் கூட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது சுவரை.

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டைப் படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) கல்யாணத்துக்கோ திறந்து, அன்று காலையில் ஏசியைப் போட்டுவிட்டு, 'மாலை ஆகியும் அறை குளிரவில்லை, ஆச்சி வியர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று வருத்தப்படுவது எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உடனே ஒருவர் வந்து, டன் போதாது என்று பெரியதை விற்றுவிடுவார். வரத்து அங்கே குறைவுதான். கோடை முழுவதும் சுவரில் சேர்ந்து கிடக்கும் வெப்பம்தான் மெல்ல மெல்ல வெளிவருகிறது. இதற்கு 'வெப்பத்தேக்கம்' என்ற சொல்லை வைக்கலாம். முந்தைய நாளே சிறிய ஏசியை ஓட விட்டிருந்தால் போதும்.

> வெப்பவரத்தும் கூலிங் லோடும் ஒன்றல்ல. பொறியியலில் இரண்டும் வேறு வேறு.

பேராசிரியர் ஐயா எழுப்பியது நியாயமான மறுப்பு. ஜன்னல் வழியாக வரும் வெயில் முதலில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்து அதைச் சூடாக்குகிறது; தரையிலிருந்து காற்றுக்கு வெப்பம் வருவது பிறகுதான். எனவே பிற்பகல் 3 மணி வரத்தும், அதே 3 மணிக்கு ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பமும் சமமாக இருக்காது. நடுவில் நிற்பது தேக்கம். கூலிங் லோடுக்கு 'வெப்ப இறைப்பு' என்று வைத்தால் மூன்றும் ஒரு வரிசையில் வந்துவிடும்: வரத்து, தேக்கம், இறைப்பு. கையேட்டின் முதல் பகுதிக்கு வரத்து மட்டும் போதும். இறைப்பைப் பின்னிணைப்பில் விளக்கலாம்.

லேட்டன்ட் லோடுக்கு, அதாவது காற்றின் ஈரத்தை நீராக்கி வடிக்க ஏசி எடுக்க வேண்டிய வெப்பத்துக்கு, பாடநூல் வழியில் உள்ளுறை வெப்பச்சுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளுறை வெப்பம் நல்ல சொல், அது இருக்கட்டும். ஆனால் இங்கே வருவது காற்றிலுள்ள ஈரம். 'ஈரவரத்து' என்றால் வீட்டுக்காரருக்கு உடனே பிடிபடும். அளந்தும் பார்க்கலாம். ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் ஒரு மணி நேரம் வாளி வையுங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால், ஏசியின் வெப்பம் எடுக்கும் திறனில் ஏறத்தாழ 680 வாட் ஈரத்துக்காக மட்டும் செலவாகியிருக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கு முக்கியம். தேவைக்கு மேல் பெரிய ஏசி காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு, ஈரத்தை வடிக்குமுன் நின்றுவிடும். உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்து ஓடும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு.

அப்படி அடிக்கடி நின்று ஓடுவதற்கு (ஷார்ட் சைக்ளிங்) 'குறுஞ்சுழற்சி' என்ற சொல் வேண்டாம். மின்விசிறி நினைவுதான் வரும். 'நின்றோட்டம்' எனலாம்.

டன்னை மொழிபெயர்க்கும் யோசனையை விட்டுவிடுவோம். அது 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக வாங்கும் வெப்பம். இன்றைய அளவில் 3.517 கிலோவாட். ஐஸ் ஹவுசில் கப்பலில் வந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்த சென்னைக்கு இந்த அளவு அந்நியமல்ல. கடைக்காரரும் மெக்கானிக்கும் வீட்டுக்காரரும் டன் என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்தில் வாட்டையும் போட்டுவிட்டால் குழப்பம் தீரும்: 1.5 டன் என்றால் சுமார் 5,275 வாட். இது ஏசி வெளியேற்றும் வெப்பம். எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுகிறவர்கள் பலர். அடிக்குறிப்பாக இல்லாமல் உடற்பகுதியிலேயே எழுத வேண்டும்.

முதல் இயலின் தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'ஏசி வாங்கும் முன் உங்கள் அறையின் வெப்பவரத்தைக் கணக்கிடுங்கள். கூரை, மேற்குச் சுவர், ஜன்னல், ஆட்கள், ஈரம் என வரத்து ஐந்து வழிகளில் வரும். அடைக்கக்கூடியதை முதலில் அடையுங்கள். மீதிக்கு ஏற்ற டன்னை வாங்குங்கள்.'

வெப்பவரத்து என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து, நீர்வரத்து போல. 'இறைப்பு' என்பதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து