கல்லீரல், மண்ணீரல் சீழ்க்கட்டி: நடுவில் சுண்ணாம்புப் படிவு இருந்தால் ப்ரூசெல்லாவா?

சிடி அறை, கோலாலம்பூர்:
52 வயது, சர்க்கரை நோயாளி. இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை. கல்லீரலில் 4.5 செ.மீ. கட்டி ஒன்று, மண்ணீரலில் சிறியவை மூன்று. அல்ட்ராசவுண்டில் பெரிய கட்டியின் நடுவே பளிச்சென்று ஒரு புள்ளி, பின்னால் நிழல். வார்டில் மெலியோய்டோசிஸ் (மண், நீர்வழி வரும் பாக்டீரியா நோய்) என்கிறார்கள். ஆனால் பண்ணையில் வாங்கிய ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடித்து வந்தவர்; பச்சைப்பால்வழி வரும் ப்ரூசெல்லா கிருமியோ என்று சந்தேகம். சிடியை எப்படி எடுத்தால் பிரித்துப் பார்க்கலாம்?

கதிர்ப்பட மருத்துவர், பினாங்கு:
கான்ட்ராஸ்ட் (இரத்தக்குழாயை வெள்ளையாகக் காட்டும் ஊசிமருந்து) போடாமல் முதல் சுற்றைக் கட்டாயம் எடுங்கள், 1 முதல் 1.5 மி.மீ. துண்டுகளாக. அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கான்ட்ராஸ்ட் ஏறிவிட்டால் 3 மி.மீ. சுண்ணாம்புத் துணுக்கும் குறுக்கே வெட்டுப்பட்ட இரத்தக்குழாயும் ஒரே மாதிரி வெள்ளையாக நிற்கும். அடுத்து, கான்ட்ராஸ்ட் ஏற்றிய 70 விநாடியில் போர்ட்டல் சுற்று (கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையில் அது நிறையும் நேரம்).

நாள்பட்ட ப்ரூசெல்லா கட்டியில் நடுவே கரடுமுரடான சுண்ணாம்பு, உதிர்ந்த சுவர்ப்பூச்சு மாதிரி. சுற்றிலும் ஓரம் ஒழுங்கில்லாத கறுத்த பகுதி. கான்ட்ராஸ்டை விளிம்பு மட்டும் வாங்கும். மெலியோய்டோசிஸ் கட்டி சின்னச் சின்ன அறைகளாகத் தேன்கூடு போலிருக்கும், சுண்ணாம்பு வழக்கமில்லை. ஆனால் சுண்ணாம்பு இல்லை என்பதற்காக ப்ரூசெல்லாவை ஒதுக்கிவிடாதீர்கள். புதிய கட்டியில் அது படிந்திருக்காது.

அந்தப் புள்ளி வாயுவாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் கட்டியில் வாயு சேரும். அல்ட்ராசவுண்டில் அதுவும் பளிச்சென்றுதான் வரும், நிழல் மட்டும் கலங்கலாக விழும். சிடியில் குழப்பமே இல்லை: வாயு கன்னங்கரேலென்று, சுண்ணாம்பு வெள்ளையாக.

நுண்ணுயிரி லேப், பினாங்கு:
லேபுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு குப்பியும் அனுப்ப வேண்டாம். படிவத்தில் 'ப்ரூசெல்லா சந்தேகம், ஆட்டுப்பால்' என்று எழுதுங்கள். 2010 வாக்கில் பினாங்கில் ஒரே பண்ணையின் பாலால் 79 பேருக்கு இந்நோய் வந்தபோது, லேப் ஊழியர்கள் நால்வருக்கும் தொற்றியது. கிருமி காற்றில் கலந்து மூச்சுவழி ஏறும். கிருமி வளர்க்கும் தட்டைத் திறப்பது பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே.

சீழில் கிருமி வளராமல் போவது சகஜம், அதனால் கொஞ்சம் பிசிஆருக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எடுத்து வையுங்கள். நாள்பட்ட கட்டியில் சாதாரண அக்லூட்டினேஷன் (இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை) அளவு தாழ்ந்தே வரலாம். அதில் தப்பும் எதிர்ப்பொருளையும் காட்டும் கூம்ப்ஸ் முறையிலும் கேளுங்கள்.

சிடி அறை, கோலாலம்பூர்:
நன்றி டாக்டர். குழாய் வைத்து வடித்தால் போதுமா?

கதிர்ப்பட மருத்துவர், பினாங்கு:
சீழ் நீர்மமாக இருந்தால் 8 அல்லது 10 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) பிக்டெயில், அதாவது நுனி சுருண்ட குழாய், போதும். நடுவில் கெட்டியான சுண்ணாம்பு இருந்தால் அது வடியாது. மருந்தும் அதற்குள் சரியாக இறங்காது, அதனால்தான் மாத்திரை நிறுத்தியதும் கட்டி திரும்பி வருகிறது. அப்போது அறுவை மருத்துவரைக் கேட்க வேண்டும். ப்ரூசெல்லாவுக்கான டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் வழக்கமான 6 வாரம் இங்கே போதாது; 3 மாதமாவது ஓட வேண்டியிருக்கும்.

முடிவு வரும்வரை மெலியோய்டோசிஸுக்கான செஃப்டாசிடிம் மருந்தை நிறுத்த வேண்டாம். காசநோய் என்று நினைத்து, ப்ரூசெல்லாவையும் அடக்கும் ரிஃபாம்பிசினைத் தொடங்குவதாக இருந்தால் மட்டும், இரத்தமும் சீழும் அதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.