ஜெக்கில் வீட்டின் பின்கதவு: ஒரு சந்தேகம், உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். விக்டோரியா காலத்துக் கோதிக் கதைகளில், அதாவது பயமும் மர்மமும் நிறைந்த கதைகளில், கதை நடக்கும் இடம் என்ன வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ என்ற கோதிக் கதையில் பயம் இத்தாலியக் கோட்டைக்குள் இருந்தது. 1886-இல் ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைடு’ நாவலில் ஸ்டீவன்சன் அதை லண்டன் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். டாக்டர் ஜெக்கிலின் முன்வாசலில் செல்வச் செழிப்பு. மருந்து குடித்து ஜெக்கில் மாறும் கொடிய உருவம்தான் ஹைடு. அவன் புழங்கும் பின்கதவிலோ மணி கிடையாது, தட்டுவதற்கு வளையம் கிடையாது, பெயின்ட் கொப்பளித்துக் கறை படிந்து கிடக்கிறது. அந்தப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. இரண்டு வாசலும் ஒரே வீட்டுக்குத்தான் என்று புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜெக்கில் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வீடு உண்மையைச் சொல்லிவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

மூடுபனியில்தான் சிக்கிக்கொண்டேன். ஹைடின் அறையைத் தேடி லண்டனின் சோஹோ பகுதிக்குப் போகும் அந்தக் காலையில் ஒன்பது மணிக்கே தெரு இருண்டு கிடக்கிறது. அதை நிலக்கரிப் புகை கலந்த நிஜ லண்டன் பனியாகப் படிப்பதா, மன இருளாகப் படிப்பதா? இரண்டும்தான் என்று எழுதினால் மழுப்பலாகத் தெரிகிறது.

இந்த நாவலைப் பாடம் நடத்தியவர்கள், ஆய்வு செய்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். அப்புறம், எமிலி பிரான்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வரும் யார்க்‌ஷயர் மேட்டுவெளியையும் சேர்க்கலாமா, இல்லை லண்டனோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?