புதுப்பிப்பு: க்ராம்ஃபோர்ட் மில்லுக்குப் போயிட்டு வந்தாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, இங்க இங்கிலாந்துல டார்பில பழைய ஆலைகளைப் பத்தி பேச்சு, டூர் எல்லாம் நடத்துற ஒரு குழு இருக்கு, சேரலாமான்னு. பாதி பேர் சேருன்னீங்க, பாதி பேர் எல்லாம் ரிட்டயர்ட் ஆளுங்கப்பான்னீங்க. ரெண்டுமே கரெக்ட்.

பேச்சு சுமார்தான், ப்ரொஜெக்டர் வேற மக்கர், அதை விடுங்க. சனிக்கிழமை டூர்தான் செம. க்ராம்ஃபோர்ட், 1771ல ரிச்சர்ட் ஆர்க்ரைட்னு ஒரு தொழிலதிபர் ஆரம்பிச்ச நூல் மில்லு, தண்ணியில ஓடுனது, அதுவும் வெறும் ஓடைத் தண்ணி மட்டும் இல்ல, பக்கத்து ஈயச் சுரங்கத்துல தண்ணி வடியறதுக்கு வெட்டுன சுரங்கவாய்க்கால்ல இருந்தும் எடுத்திருக்காங்க, அது கொஞ்சம் வெதுவெதுன்னு வர்றதால பனிக்காலத்துலயும் லேசுல உறையாதாம், அந்த ஆளு மூளையைப் பாருங்க! ரோட்டுப் பக்கம் கீழ்த்தளத்துல ஜன்னலே இல்ல, மொட்டைச் சுவர், கோட்டை மாதிரி. மெஷினை உடைக்க கூட்டம் வந்துரும்னு பயம். ராத்திரி பகல்னு 12 மணி நேர ஷிஃப்ட், சின்னப் பிள்ளைங்களும் வேலை பார்த்திருக்காங்க, அதைக் கேட்டதும் கூட வந்த என் பொண்ணு கப்சிப்.

அப்புறம் கால்வாய் ஓரமா நடந்து லீவுட் பம்ப் ஹவுஸ், 1849ல கட்டுனது, ஆத்துத் தண்ணியை ஏத்தி கால்வாய்ல விடுற நீராவி இஞ்சின். அன்னைக்கு ஓட்டல, வெளிய இருந்து புகைபோக்கியைத்தான் பார்த்தோம், கடுப்பு.

சந்தா கட்டிட்டேன். அடுத்தது மிடில்டன் டாப், பழைய ரயில் பாதையில மேட்டு உச்சியில இருக்குற இஞ்சின் ஹவுஸ். அங்க வேகனை இழுத்தது குதிரையான்னு கேட்டவங்களுக்கு: இல்லைங்க, மேட்டுல இழுத்தது 1829ல செஞ்ச நீராவி இஞ்சின்தான்.