மறு: மறு: ‘வொர்க் ரிலீஸ்’ திட்டத்துக்குத் தமிழ்ச் சொல்

மடல் 1 (பாடநூல் மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கான பாடநூலில் ‘வொர்க் ரிலீஸ்’ பற்றி ஒரு முழு அத்தியாயம் வருகிறது. தண்டனைக் காலம் முடியும் தறுவாயில் உள்ள சிறைவாசி வெளியே ஒரு பட்டறையிலோ உணவகத்திலோ சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு, வேலை முடிந்ததும் சிறைக்கோ அதற்கான விடுதிக்கோ திரும்பும் ஏற்பாடு இது. பணி விடுவிப்பு, பணி விடுப்பு, வேலை விடுதலை, பகல் பரோல் என நான்கு சொற்கள் கைவசம் உள்ளன. சிங்கப்பூர், இலங்கைச் சிறைத்துறைகளிலும் இதே ஆங்கிலப் பெயர் பயன்பட்டிருப்பதால், அங்குள்ள வாசகர்களுக்கும் புரியும் சொல்லாக இருந்தால் நல்லது. உங்கள் கருத்து வேண்டும்.

மடல் 2 (சிறைச் சீர்திருத்தத் துறை ஆய்வாளர்)

ஐயா, வணக்கம்.

நான்குமே பொருந்தவில்லை. ‘பணி விடுவிப்பு’ என்றதும் அரசு ஊழியருக்கு இடமாறுதல் ஆணைதான் நினைவுக்கு வரும். ‘பணி விடுப்பு’ வேலைக்குப் போகிறவரை லீவு போட்டவராக்கிவிடும். ‘வேலை விடுதலை’யில் பெரிய பிழை இருக்கிறது: இங்கே யாரும் விடுதலை ஆவதில்லை. தண்டனை ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலையில் நிற்கும் எட்டு மணி நேரமும் தண்டனைக் காலம்தான். ‘பகல் பரோல்’ என்றால் இரவுப் பணிமுறையில் (ஷிஃப்டில்) போகிறவரை எங்கே வைப்பது? தவிர, தமிழ்நாட்டில் நாம் பேச்சில் பரோல் என்பது விதிகளில் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்றே இருக்கிறது. அந்த 1982ஆம் ஆண்டு விதிகளின் பெயரே தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். நிறுத்திவைப்பதும் ஓடவிடுவதும் எதிரெதிரானவை. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் மாணவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் இதற்கு அடித்தளமிட்டது விஸ்கான்சின் மாநிலத்தின் 1913ஆம் ஆண்டு ஹூபர் சட்டம். சிறு குற்றங்களுக்காகக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) சிறையில் இருப்பவர்கள் வெளியே கூலிக்கு வேலை செய்ய அது வழி செய்தது. கூட்டாட்சிச் சிறைவாசிகளுக்கு 1965இல்தான் சட்டம் வந்தது. இன்றும் விஸ்கான்சினில் பேச்சுவழக்கில் ‘ஹூபர்’ என்றாலே போதும். நமக்கு அந்த வசதி இல்லை. சொல்லே பொருளைச் சுமக்க வேண்டும்.

அது சுமக்க வேண்டிய பொருள் என்ன என்பது அன்றாட நடைமுறையைப் பார்த்தால் தெரியும். முதலில் தகுதி: குறைந்த பாதுகாப்பு வகைப்பாடு, குறுகிய மீதித் தண்டனை, அண்மையில் ஒழுங்கு நடவடிக்கை இல்லாமை. அடுத்து, அலுவலர் ஒருவர் வேலையிடத்துக்கே போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு பணிமுறையிலும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா, மற்ற ஊழியர்களுக்குத் தரும் அதே கூலிதானா, வேலையில் அடிபட்டால் இழப்பீடு யார் பொறுப்பு என்பனவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். முதலாளி சிறைவாசியின் உறவினரானால் பல இடங்களில் ஏற்பதில்லை. வராத நாளுக்கும் வந்ததாகக் கையெழுத்து விழும் என்ற அச்சம்தான் காரணம்.

பிறகு நேரத்தாள். புறப்படும் நேரம், பயண நிமிடங்கள், வேலை நேரம், திரும்பும் நேரம், போகும் வழி எல்லாம் முன்கூட்டியே குறிக்கப்படும். வழியில் வேறெங்கும் இறங்கக் கூடாது. திரும்பியதும் உடற்சோதனை, மூச்சுச் சோதனை, சில நாட்களில் சிறுநீர்ச் சோதனை. சம்பளம் கையில் வராது. சிறை நிர்வகிக்கும் கணக்குக்கு வரும். வரி போக, தங்குமிடக் கட்டணம், நீதிமன்ற அபராதம், பாதிக்கப்பட்டவருக்கான ஈடு, பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை ஆகியவை கழியும். மிச்சம் சேமிப்பு, சிறு பகுதி கைச்செலவுக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறைவாசிகளின் வருமானம் பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. பிடித்தங்கள் போக வாரம் 20 பவுண்டுக்கு மேல் வரும் தொகையில் 40 விழுக்காடு வரை பாதிக்கப்பட்டோர் உதவிக்கு எடுக்க அது இடம் தருகிறது.

ஆகவே வெளியே போதல், சம்பள வேலை, திரும்பியாக வேண்டிய கட்டாயம் ஆகிய மூன்றையும் சொல் தாங்க வேண்டும். ‘வெளிவேலை’யை முன்மொழிகிறேன்.

மடல் 3 (சிறை நிர்வாகச் சட்டம் கற்பிப்பவர்)

அம்மா, உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘வெளிவேலை’ மட்டும் போதாது. மதிலுக்கு வெளியே தோட்டத்திலோ சாலையிலோ காவலர் துணையுடன் வேலை செய்யும் அணியும் வெளிவேலைதான் செய்கிறது. ஜெர்மனியின் 1976ஆம் ஆண்டுச் சிறைத் தண்டனைச் சட்டம், காவலர் மேற்பார்வையில் வெளியே வேலை, மேற்பார்வை இல்லாமல் வெளியே வேலை என இரண்டையும் 11ஆம் பிரிவில் தனித்தனிப் பெயரில் வைத்தது. நாமும் பிரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் பொதுமக்களுக்குச் சிறைவாசிகள் எரிபொருள் நிரப்புகிறார்கள். மக்களோடு பழகும் பயிற்சியாக அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை தருவதும் சிறைத்துறை, கண்காணிப்பதும் சிறைத்துறை. விடுதலைக்குப் பிறகு அந்த வேலை தொடராது. ஜெய்ப்பூர் அருகே 1963இல் தொடங்கிய சாங்கானேர் திறந்தவெளி முகாம் வேறு மாதிரி. குடும்பத்தோடு அங்கே தங்கி, ஊருக்குள் தாங்களே வேலை தேடிப் போய், மாலை ஆஜர் பார்க்கும் நேரத்துக்குத் திரும்புகிறார்கள். இந்தியாவில் ‘வொர்க் ரிலீஸ்’ பொருளுக்கு மிக நெருங்கியது அதுதான். ஆனால் தங்குமிடத்தின் பெயரான ‘திறந்தவெளிச் சிறை’யை வேலைக்குப் போகும் உரிமையின் பெயராக்க முடியாது. பூட்டிய சிறையிலிருந்தும் இப்படிப் போய்வரலாம்.

அதனால் ‘வெளிவேலை அனுமதி’ என்று வைப்போம். காவலர் துணையோடு போகும் அணி ஏவலின்பேரில் போகிறது. இவர் அனுமதி பெற்றுப் போகிறார். அனுமதி என்றாலே நிபந்தனை உண்டு, மீறினால் ரத்தாகும் என்பதும் தானாக வந்துவிடுகிறது. காவலர் துணையோடு போவதற்குக் ‘காவல் வெளிவேலை’. இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் குழப்பம் வராது.

மடல் 4 (மறுவாழ்வுப் பணியாளர்)

வணக்கம். ‘வெளிவேலை அனுமதி’யை வழிமொழிகிறேன். அத்தியாயத்தில் கூடவே வரப்போகும் சில சொற்களையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். இந்தத் திட்டம் சறுக்கும் இடங்களைப் பேச அவை தேவைப்படும்.

முதல் சறுக்கல் தாமதம். முதலாளி ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கச் சொல்கிறார். சிறை வாயிலின் தொலைபேசி எண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. பதிவேட்டில் இது தப்பியோட்டத்துக்குச் சமமாக ஏறினால் ஒருவரின் பல மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். எனவே ‘தாமத வருகை’, ‘திரும்பாமை’, ‘தப்பியோட்டம்’ என மூன்று நிலைகளும் தமிழில் தனித்தனியாக நிற்க வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் திட்டத்தின் மதிப்பீடு இங்கே முக்கியம். வெளிவேலைக்குப் போனவர்களிடம் புதுக் குற்றங்கள் குறைந்தன, வேலைவாய்ப்பு கூடியது. ஆனால் நிபந்தனை மீறலுக்காக மீண்டும் உள்ளே போவது அதிகரித்தது. கண்காணிப்பு கூடக்கூட மீறல்களும் அதிகமாகப் பிடிபடும் அல்லவா? புதுக் குற்றத்தையும் விதிமீறலையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் இந்த முடிவைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘மறுகுற்றம்’, ‘நிபந்தனை மீறல்’ என்று தனியாக வையுங்கள்.

இரண்டாவது, முதலாளியின் பிடி. ‘ஒரு போன் போட்டால் நீ உள்ளே’ என்ற மிரட்டலில் கூலி குறையும், ஓய்வு போகும். முதலாளி புகார் செய்தால், சிறைவாசியைத் தனியே விசாரிக்காமல் அனுமதியை ரத்து செய்யக் கூடாது என்ற விதி இருக்கும் இடத்தில் இது தணிகிறது.

மூன்றாவதைத்தான் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. வேலை சிறைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீடு இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதலை நாளன்றே வேலை போய்விடும். வெளிவேலை தொடங்குமுன் ஊருக்கு அருகிலுள்ள சிறைக்கு மாற்றுவது, அல்லது ஊரில் கிளை உள்ள நிறுவனத்தைத் தேர்வது, இரண்டில் ஒன்றாவது நடக்க வேண்டும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு போன்றவற்றையும் முதல் நாளுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். பழைய ஆவணங்கள் வீட்டில் இருக்கும் அல்லது தொலைந்திருக்கும். கணக்கு இல்லாததால் முதல் மாதச் சம்பளம் ரொக்கமாகக் கைமாறி, அதுவே நிபந்தனை மீறலாக எழுதப்படும்.

வேலைக்குப் போய்வருபவரைச் சிறையின் பொதுத் தொகுதியில் தங்கவைத்தால், பீடி, செல்போன், கஞ்சா கொண்டுவரச் சொல்லி மற்றவர்கள் நெருக்குவார்கள். தனி விடுதி கேட்பதன் காரணம் அதுதான். ஆங்கிலத்தில் ‘ஹாஃப்வே ஹவுஸ்’ எனப்படும் அந்த விடுதிக்குப் பாதிவழி வீடு என்றெல்லாம் போக வேண்டாம். ‘இடைநிலை விடுதி’ போதும்.

மடல் 5 (பாடநூல் மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. வெளிவேலை அனுமதி, காவல் வெளிவேலை, இடைநிலை விடுதி, தாமத வருகை, திரும்பாமை, தப்பியோட்டம், மறுகுற்றம், நிபந்தனை மீறல் ஆகியவற்றை அத்தியாயத்தில் சேர்க்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி: சம்பளத்தில் கழிவதைப் ‘பிடித்தம்’ என்றே விடலாமா? பாதிக்கப்பட்டவருக்குப் போகும் தொகையும் தங்குமிடக் கட்டணமும் ஒரே தலைப்பில் வருவது சரியாகப் படவில்லை. முதலாவதற்கு ‘ஈட்டுத்தொகை’ என்று தனி வரி போட்டுவைத்திருக்கிறேன். மாற்றம் இருந்தால் எழுதுங்கள்.